மே மாதத்துப் புளியம்பூ

பாலக்கோடு
20-1-2024

அன்புத் தம்பி இனிகோவுக்கு, அக்கா கேத்தரின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் லூர்துமேரியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கேக் தின்ற தின்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ வாங்கி வந்து என் போனில் மாட்டிவிட்ட அந்தக் கிளிப் லென்ஸை நான் சும்மா போட்டு வைக்கவில்லை. உன் பிரஸ் முதலாளி அடுத்த வருஷக் காலண்டரை வயல் பூக்களாகப் போடப்போகிறார், பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பக்கமாவது நம்முடையதாக இருக்கட்டும் என்று நீ சொன்னாய். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் சின்ன எழுத்தில் வரும் என்றும் சொன்னாய். தம்பி, என் பெயர் இதுவரை அச்சில் வந்தது என் கல்யாணப் பத்திரிகையில்தான். அதனால் எனக்கு ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.

இத்துடன் ஒரு படம். நம் வயல் தக்காளிப் பூ. மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது எடுத்தது. மாமா பார்த்துவிட்டு, "தக்காளிப் பூவப் போயி எவனாச்சும் படம் புடிப்பானா? ரோசாப்பூ எடு" என்றார். அவர் கிடக்கிறார். நீ வேலை தெரிந்தவன். பதினாலு வருஷமாகப் பிரஸ்ஸில் அச்சுத் தாளுக்குக் கலர் பார்க்கிறவன். அக்காவாயிற்றே என்று பார்க்காமல் குறை சொல்.

உன் அக்கா,
கேத்தரின்

சிவகாசி
4-2-2024

அன்புள்ள அக்காவுக்கு, இனிகோ எழுதுவது. லூர்துவும் பாப்பாவும் சுகம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இனிமேல் படங்களைப் பிரிண்ட் போட்டுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். போனில் அனுப்பாதே. போன் திரை தன் வெளிச்சத்தைத் தானே படத்தின் மேல் போட்டுக்கொள்ளும், காலண்டர் அப்படிச் செய்யாது. அது சுவரில் எந்த வெளிச்சத்தில் தொங்குகிறதோ அதுதான். அதோடு திரையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கண் கூசுகிறது.

இரண்டாவது, நாம் இருவரும் ஒரு விதி வைத்துக்கொள்வோம். இங்கே புதிதாக வருகிற பையன்களுக்கு நான் வைத்திருக்கும் விதிதான். 'நல்லாருக்கு' என்று சொல்லக்கூடாது, 'நல்லால்லே' என்றும் சொல்லக்கூடாது. மூன்று சொல்ல வேண்டும்: சரியாக இருப்பது ஒன்று, சரியில்லாதது ஒன்று, அடுத்த தடவை செய்து பார்க்க வேண்டியது ஒன்று. அதற்கு மேல் சொன்னால் கேட்பவனுக்கு ஏறாது.

சரியாக இருப்பது: நீ தேர்ந்தெடுத்த பூ. தலைகுனிந்து நிற்கிற பூவுக்காக நீ தரையில் படுத்து எடுத்திருக்கிறாய், தெரிகிறது.

சரியில்லாதது: உச்சி வெயில். பாதி இதழ் வெந்துபோய் இருக்கிறது, பாதி கருத்துக் கிடக்கிறது.

செய்து பார்க்க வேண்டியது: காலை ஏழு மணிக்கு எடு. வெயில் வந்துவிட்டால், பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைத் துணி ஏதாவது பிடி. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை வை, நிழல் விழுந்த பக்கத்துக்கு அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். காற்று அடித்தால் காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு கவ்வி வை.

முதலாளி தேர்வை என்னிடம்தான் விட்டிருக்கிறார். ஆனால் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். அக்கா படம் என்று சுமாரானதை உள்ளே தள்ள முடியாது.

அன்புத் தம்பி,
இனிகோ

பாலக்கோடு
12-3-2024

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே சுகம், அங்கே அனைவரும் சுகம்தானே? சர்க்கரையைக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை.

வீட்டில் மெல்லிய வெள்ளைத் துணி தேடினேன். வேட்டி தடிமன். கடைசியில் பெட்டியில் என் புதுநன்மை முக்காடு கிடைத்தது. ஒன்பது வயதில் முதல் நற்கருணை வாங்கிய அன்று போட்டது, கொசுவலை மாதிரி வலை. அதை ஒரு பழைய சல்லடை வளையத்தில் இழுத்துக் கட்டினேன். சாமியாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. மாமா தெர்மோகோல் பிடித்தார். "ஏ கேத்து, இந்நேரம் மார்க்கெட்ல வண்டி நிக்குது, நான் இங்க முருங்கப்பூவுக்குக் கண்ணாடி காட்டிகிட்டு நிக்கறேன்" என்று முனகிக்கொண்டே ஆடாமல் பிடித்தார்.

இது கிணற்று மேட்டு முருங்கை. ஸ்டுடியோ மதியழகன் இரண்டு காப்பி போட்டுக் கொடுத்தான், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. பின்பக்கம் பென்சிலில் தேதி போடுவது அவன் பழக்கம். என்னுடையதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

மூன்றையும் சொல்.

அக்கா

சிவகாசி
25-3-2024

அன்புள்ள அக்காவுக்கு. எல்லோரும் சுகம். பாப்பாவுக்குப் பரீட்சை நடக்கிறது.

சரியாக இருப்பது: எல்லாம். வெள்ளைக்குள் இத்தனை வெள்ளை இருக்கிறது என்று முருங்கைப் பூவில் நான் பார்த்ததில்லை. மகரந்தத்தின் மஞ்சள் மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை.

சரியில்லாதது: விதிக்காக ஒன்று சொல்ல வேண்டும். மூலையில் ஒரு எறும்பு பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

செய்து பார்க்க வேண்டியது: இந்த வெளிச்சத்தைத் தொடாதே. இப்படியே வேறு பூ எடு. முருங்கைப் பூ ஏற்கெனவே ஒருவர் அனுப்பிவிட்டார். யாரும் எடுக்காததாகப் பார்.

பிரஸ்ஸில் டியூப் லைட்டெல்லாம் மங்கிவிட்டது. மாற்றச் சொல்லி இருக்கிறேன்.

தம்பி இனிகோ

பாலக்கோடு
9-6-2024

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. ஈஸ்டருக்கு நீங்கள் யாரும் வராதது குறைதான். மாமாவுக்கு முதுகு வலி, மற்றபடி சுகம். உன் உடம்பு எப்படி?

யாரும் எடுக்காதது என்றாயே, கிடைத்துவிட்டது. வரப்பு ஓரம் நிற்கிற புளியமரம் பூத்திருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த மரத்துப் புளியைக் கரைத்துக் குழம்பு வைக்கிறேன், ஒரு நாளும் பூவை உற்றுப் பார்த்ததில்லை. மொட்டு ரோஸ், விரிந்தால் இளமஞ்சள். மூன்று இதழிலும் சிவப்பு நரம்பு ஓடுகிறது, சின்னக் குழந்தையின் கண்ணிமையில் தெரியுமே அப்படி. தம்பி, எனக்கு அந்த நரம்புதான் படம்.

பதினோரு நாள் போனேன். காற்று நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை ஏழேகாலுக்கு நின்றது. அதே முக்காடு, அதே தெர்மோகோல்.

இது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதே.

அக்கா

சிவகாசி
24-6-2024

அன்புள்ள அக்காவுக்கு. இங்கு சுகம்.

சரியாக இருப்பது: பூ. இதை வேறு யாரும் அனுப்ப மாட்டார்கள். மே மாதப் பக்கத்துக்கு இதை மனதில் வைத்திருக்கிறேன்.

சரியில்லாதது: இருட்டு. மஞ்சள் வேறு அப்பிக் கிடக்கிறது. நரம்பு என்று எழுதியிருந்தாய், எனக்கு ஒரு சிவப்புக் கலங்கல்தான் தெரிகிறது.

செய்து பார்க்க வேண்டியது: போன் திரையில் பூவைத் தொட்டால் ஒரு சூரியக் குறி வருமே, அதை ஒரு விரல் மேலே தள்ளி எடு.

இனிகோ

பாலக்கோடு
15-7-2024

அன்புத் தம்பிக்கு, அக்கா. இங்கே சுகம். உன் சர்க்கரையைப் பற்றி ஜனவரியிலிருந்து கேட்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதுகிறாய், அதில் நீ சேர்த்தியா இல்லையா என்று தெரியவில்லை. போனில் கேட்டால் "சரிக்கா, வேல இருக்குது" என்று வைத்துவிடுகிறாய். உன் போன கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் இருந்தது, எழுத்து அவ்வளவு பெரிது. கண்ணாடி மாற்றினாயா?

புளியம்பூ கடைசிக் கொத்துகள் இருந்தன. நீ சொன்னபடி வெளிச்சம் கூட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விரலுக்கு இரண்டு விரலாகவே தள்ளினேன். மதியழகன் பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னக்கா இது, வெள்ளத் தாளயே பிரிண்ட் போட சொல்றீங்களா? போன மாசம் எடுத்துகிட்டு வந்தீங்களே, அது என்னா கலரு!" என்றான். என் தம்பி கலர் பார்க்கிறவன், அவனுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே மாதப் பக்கம் உறுதிதானா?

அக்கா

சிவகாசி
10-8-2024

அண்ணிக்கு லூர்துமேரி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அவருக்குக் கை வலி, அதனால் அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.

அன்புள்ள அக்காவுக்கு. சரியாக இருப்பது: இப்போது பூ துலங்குகிறது. சரியில்லாதது: இன்னும் கொஞ்சம் மங்கல். செய்து பார்க்க வேண்டியது: இதைவிட வெளிச்சமாக ஒன்று இருந்தால் அனுப்பு, இல்லையென்றால் இதையே போட்டு மெஷினில் நான் ஏற்றிக்கொள்கிறேன். மே மாதப் பக்கம் உனக்குத்தான். முதலாளியிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் இருபதாம் தேதி அச்சு ஏறுகிறது. இனிகோ.

அண்ணி, அவர் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். லூர்துமேரி.

பாலக்கோடு
28-8-2024

அன்புத் தம்பிக்கும் லூர்துவுக்கும். சுகம், சுகமறிய ஆவல். கை வலிக்கு எண்ணெய் போட்டு நீவிவிடு, லூர்து.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவசரமாக எழுதுகிறேன். இத்துடன் புளியம்பூ, இருக்கிறதிலேயே வெளிச்சமானது. என் பெயரை 'யா. கேத்தரின்' என்று போடச் சொல். மாமா பெயரின் முதல் எழுத்தும் இருக்கட்டும், பாவம், தெர்மோகோல் பிடித்தவர்.

அக்கா

சிவகாசி
5-9-2024

அண்ணிக்கு வணக்கம். அவர் சொல்ல எழுதுவது.

அக்கா, புளியம்பூ என்று எழுதியிருக்கிறாய், உறைக்குள் இருந்தது முருங்கைப் பூ. லூர்துதான் சொன்னாள். மறுபடி முருங்கை எடுத்திருக்கிறாய் போல. சரி, வந்ததற்குச் சொல்கிறேன். சரியாக இருப்பது: பூ நடுவில் இருக்கிறது. சரியில்லாதது: ரொம்ப இருட்டு. மார்ச்சில் ஒரு முருங்கை அனுப்பினாயே, அதைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், அதில் வெளிச்சம் எப்படி இருந்தது! இது அதன் கால் தூசி பெறாது. செய்து பார்க்க வேண்டியது: இதைத் தூக்கிப் போடு. மே மாதத்துக்கு ஜூலையில் அனுப்பிய புளியையே வைத்துக்கொள்கிறேன். இனிகோ.

லூர்துமேரி.

பாலக்கோடு
10-9-2024

லூர்து, இந்தக் கடிதத்தை நீதான் அவனுக்குப் படித்துக் காட்டப்போகிறாய் என்று தெரியும். நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே.

தம்பி, நான் ஆகஸ்டில் அவசரத்தில் படத்தை மாற்றி வைத்துவிட்டேன். புளியம்பூ என் ஜெபப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதிலிருந்த முருங்கைப் பூ உனக்கு வந்துவிட்டது. மார்ச்சில் நீ 'வெளிச்சத்தைத் தொடாதே' என்று எழுதிய அதே படம், அதே பிரிண்ட், இரண்டாவது காப்பி. பின்பக்கம் மதியழகன் பென்சிலில் போட்ட தேதி இருக்கும். லூர்து அதைப் பார்த்திருப்பாள்.

விதிப்படி மூன்று சொல்கிறேன்.

சரியாக இருப்பது: பிப்ரவரியில் நீ எனக்குச் சொன்னது ஒவ்வொன்றும். காலை வெளிச்சம், வலை, தெர்மோகோல். எனக்குப் பூ பார்க்கத் தெரிந்தது உன் கண்ணால்தான்.

சரியில்லாதது: உன் கண். டியூப் லைட் இல்லை, கை வலி இல்லை, என் படம் இல்லை. சர்க்கரைக்காரனுக்குக் கண்ணில் புரை சீக்கிரம் விழும் என்று நர்ஸ் காசியம்மாள் சொல்கிறாள், அறுபது வயது ஆக வேண்டியதில்லையாம்.

செய்து பார்க்க வேண்டியது: இருபதாம் தேதிக்கு முன்னால் முதலாளியிடம் நீயே போய்ச் சொல். பன்னிரண்டு பக்கத்துக்கும் வேறு ஒருவர் கலர் பார்க்கட்டும். நாற்காலி போனாலும் போகும், தெரிந்துதான் எழுதுகிறேன். பிறகு லூர்துவைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போ.

எழுதி முடித்துவிட்டு அழுதேன். அதையும் படித்துவிடு லூர்து.

அக்கா

சிவகாசி
24-9-2024

அண்ணிக்கு வணக்கம். கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன், நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சட்டை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். படத்துக்குப் பின்னால் இருந்த தேதியை நான் அன்றே பார்த்தேன் அண்ணி. என்னால் சொல்ல முடியவில்லை.

லூர்துமேரி

சிவகாசி
11-11-2024

அன்புள்ள அக்காவுக்கு, இனிகோ என் கையாலேயே எழுதுவது. எண்ணிப் பார், இந்தப் பக்கத்தில் இருபத்தாறு வரி. லூர்து, பாப்பா, நான், மூவரும் சுகம். சர்க்கரை நூற்று எண்பது, குறைந்துகொண்டிருக்கிறது. வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இடது கண் டிசம்பரில்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு இனிகோ" என்றார், அடுத்த நாள் என் மேசையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். நான் இப்போது பைண்டிங்கில் தாள் மடிப்பு சரிபார்க்கிறேன். இரண்டாவது கண்ணும் ஆனபிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஒரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. மிஷின்காரர் மூன்று மாதமாக நான் சரி என்று கையெழுத்துப் போட்ட தாளை ஓரமாக வைத்துவிட்டு, மையைத் தானே திருத்தி ஓட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் சொன்னது நீ ஒருத்திதான்.

மே மாதத்தில் உன் படம் இல்லை. புது ஆள் ஒரு ரோஜாவைப் போட்டுவிட்டார். என்னிடமிருந்த ஜூலைப் படத்தை அவர் ஒதுக்கியது சரிதான். நானாக இருந்தாலும், கண் சரியாக இருந்திருந்தால், ஒதுக்கியிருப்பேன். ஜூன் படத்தைக் காட்டியிருக்கலாம், ஆனால் அச்சு ஒரு வாரம் தள்ளிப்போய் ஏறியபோது நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தேன். அக்கா, இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

டாக்டர், எப்போதிருந்து மங்கல் என்று கேட்டார். நான் ஜூலை என்றேன், லூர்து ஈஸ்டர் என்றாள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் உன் படங்களைத் தரையில் தேதி வரிசையாகப் பரப்பினேன். மார்ச் முருங்கை அப்படியே இருக்கிறது. ஜூன் புளி துல்லியம். நீ சொன்ன நரம்பு, மூன்று இதழிலும், எண்ணலாம் போல் ஓடுகிறது. நான் அதைக் கலங்கல் என்று எழுதியிருக்கிறேன். ஜூலை புளி வெளுத்துக் கிடக்கிறது, நரம்பே இல்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் அந்தத் தரையில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஜூனில் நான் ஒரு விரல் என்றுதான் எழுதினேன். நீ இரண்டு விரல் தள்ளியிருக்கிறாய். நான் கேட்டதைவிட எனக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும் என்று ஜூலையிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும், ஏன் செப்டம்பர் வரை எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை.

தம்பி,
இனிகோ

பாலக்கோடு
18-11-2024

தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே உடம்பு சுகம்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் ஒன்பது வரிக் கடிதத்தைப் பார்த்த அன்றே தெரியும். காலண்டர் அச்சாகட்டும், என் பெயர் வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் உன் கண் எவ்வளவு போயிற்று என்று நீ தரையில் பரப்பிப் பார்த்துவிட்டாய். உறைக்குள் படம் மாறிப்போகாவிட்டால் இன்னும் எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய வரியை மாமாவிடம் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

இந்தத் தடவை படம் எதுவும் வைக்கவில்லை. ஞாயிறு பூசை முடித்து அன்று ராத்திரி பஸ் ஏறுகிறேன். இடது கண் ஆபரேஷன் முடிகிறவரை அங்கேதான் இருப்பேன். திங்கள் காலை ஏழு மணிக்கு வந்து சேருவேன். வாசலில் என்னை நிறுத்திவைத்து, நல்ல வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்து, மூன்றையும் நேரிலேயே சொல்.

அக்கா